‘நாசாவே சொல்லிடுச்சு’ என்பவரிடம் காகிதம் கேட்பது எப்படி?

சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் நடந்தது. மறுநாள் காலை எல்லோரும் ஒரு வேனில் திருநள்ளாறு கிளம்பினோம். தரங்கம்பாடி தாண்டும்போது சித்தப்பா ஆரம்பித்தார்: “திருநள்ளாறு கோயிலுக்கு மேல வர்ற ஒவ்வொரு சாட்டிலைட்டும் மூணு செகண்ட் நின்னுட்டுத்தான் போகுது. நாசாவே சொல்லிடுச்சு.”

இருபது வருடமாக நிரல் எழுதிப் பிழைப்பவன் நான். சும்மா இருந்திருக்கலாம். “அதெல்லாம் கட்டுக்கதை சித்தப்பா” என்றேன். “கட்டுக்கதைன்னு எங்க போட்டிருக்கு? காட்டு” என்றார். என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. பதற்றத்தில், “டிவி சாட்டிலைட் எல்லாம் நம்ம தலைக்கு மேலதானே நிக்குது, அதுக்கு ஒண்ணும் ஆகலையே” என்று வேறு சொல்லித் தொலைத்தேன். பிளஸ் டூ படிக்கும் அக்கா மகன் பின் சீட்டிலிருந்து, “மாமா, அது பூமத்திய ரேகைக்கு மேல இருக்கு, இங்க இல்ல” என்றான். வேன் முழுக்கச் சிரிப்பு.

வீட்டுக்கு வந்ததும் காகிதம், அதாவது எழுத்தில் உள்ள ஆதாரம், தேட ஆரம்பித்தேன். நான்கு மாதம் ஆனது. அதில் பாதி, தவறான இடத்தில் தவறான கேள்வியைக் கேட்டதால் வீணாய்ப் போனது. கையிலிருந்து போன பணம் இருநூறு ரூபாய்க்குள்தான், போன நேரத்துக்குத்தான் கணக்கில்லை. அறிவியல், கணினி, மதம் என்று எதைப் பற்றியாவது வீட்டிலோ அலுவலகத்திலோ குடும்பக் குழுவிலோ மல்லுக்கு நிற்கும் பழக்கம் உங்களுக்கும் இருந்தால், அடுத்த சண்டைக்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

1. கூற்றை ஒரே வரியில் எழுதி வாங்குங்கள்

செலவு இல்லை. ஐந்து நிமிடம் போதும். ஆனால் இதைச் செய்யாமல் விட்டால் மற்ற எல்லாம் பாழ்.

வாய்ப்பேச்சில் கூற்று நழுவிக்கொண்டே இருக்கும். முதலில் “சாட்டிலைட் நிற்கிறது” என்பார்கள். அது எப்படி நிற்கும் என்று கேட்டால் “நிற்காது, செயல் இழக்கும்” என்பார்கள். அதையும் கேட்டால் “ஏதோ ஒரு சக்தி இருக்குன்னுதான் சொல்றேன்” என்று முடியும். மூன்றும் மூன்று கூற்றுகள். எதை எதிர்த்துக் காகிதம் தேடுவது? அதனால் யார் சொன்னது, எப்போது சொன்னது, என்ன சொன்னது என்ற மூன்றையும் ஒரு வரியில் எழுதி, “இதுதானே நீங்க சொல்றது?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். “நாசா” என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். நாசாவில் யார், எந்த அறிக்கை, எந்த வருடம் என்று கேளுங்கள். தெரியாது என்று பதில் வந்தால் அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே இன்னொரு கேள்வி: “எதைக் காட்டினா ஒத்துக்குவீங்க?” எதைக் காட்டினாலும் மாட்டேன் என்றால் அங்கேயே டீ சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம். இந்தக் கேள்வியை உங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்டுக்கொள்ளவில்லை. சித்தப்பா சொன்னால் தப்பாகத்தான் இருக்கும் என்பது அன்றைக்கு என் நம்பிக்கை. அதற்கும் ஆதாரம் கிடையாது.

2. நம்பிக்கை, ருசி, தகவல் என்று பிரியுங்கள்

“சனி பகவானைக் கும்பிட்டால் கஷ்டம் குறையும்” என்பது நம்பிக்கை. அதற்குக் காகிதமும் கிடையாது, மறுப்பும் கிடையாது. “பைத்தான்தான் நல்ல மொழி”, “டேப் போடாதே, ஸ்பேஸ் போடு” என்று நிரல் எழுதுபவர்கள் அடித்துக்கொள்பவை பெரும்பாலும் ருசி. “செயற்கைக்கோள் மூன்று விநாடி நிற்கிறது” என்பது தகவல். அதை மட்டும்தான் சோதிக்க முடியும்.

சிக்கல் என்னவென்றால், ஒரே வாக்கியத்தில் மூன்றும் கலந்து வரும். தகவலை மட்டும் தனியே எடுங்கள், மீதியைத் தொடாதீர்கள். வேனில் நான் செய்த பெரிய தப்பு இதுதான். செயற்கைக்கோளைப் பற்றிப் பேசும்போது குரலில் கோயிலைக் கிண்டல் செய்யும் தொனி வந்துவிட்டது. அதற்குப் பிறகு சித்தி உட்பட யாரும் சுற்றுப்பாதையைப் பற்றிக் கேட்கத் தயாராக இல்லை.

3. வீட்டிலேயே சோதிக்க முடிவதை அன்றைக்கே சோதியுங்கள்

இதற்குத் தேவை ஒரு கைபேசியும் அரை மணி நேரமும். ஆவணம் தேடுவதற்கு முன் இதைச் செய்திருந்தால் எனக்கு இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒரு கலம் விநாடிக்கு 7.6 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. மூன்று விநாடியில் ஏறக்குறைய 23 கிலோமீட்டர் போய்விடும், அதாவது காரைக்காலுக்கு மேலே இருந்தது நாகப்பட்டினத்துக்கு மேலே போய்விடும். அந்த ஓட்டம்தான் அது கீழே விழாமல் காக்கிறது. நின்றால் அந்தரத்தில் தொங்காது, விழத் தொடங்கும். மறுபடி ஓட வேண்டுமென்றால் இழந்த வேகம் முழுவதையும் திரும்ப ஏற்ற ராக்கெட் வேண்டும். டிவி செயற்கைக்கோள்களோ பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. திருநள்ளாறு ஏறக்குறைய 11 டிகிரி வடக்கே இருப்பதால் அவை அதன் உச்சிக்கு வருவதே இல்லை. அக்கா மகன் சொன்னது சரி.

கணக்கு வேண்டாம் என்பவர்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. கைபேசி வரைபடத்தில் செயற்கைக்கோள் காட்சியைப் போட்டு திருநள்ளாற்றைப் பெரிதாக்கிக் காட்டுங்கள். இஸ்ரோவின் புவன் தளத்திலும் பார்க்கலாம். நளதீர்த்தம் தெரியும். “இதை மேலேருந்து எடுத்தது யாரு?” என்று கேட்டால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சோதித்தால் சில நேரம் எதிராளி சொன்னது சரியாக இருக்கும். காளஹஸ்தி, காஞ்சி ஏகாம்பரநாதர், சிதம்பரம் மூன்றும் ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன என்பதையும் சித்தப்பா சொன்னார். அதையும் உடைத்துவிடலாம் என்று வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தேன். மூன்றும் ஏறத்தாழ 79.7 டிகிரி கிழக்கில், ஒரு கிலோமீட்டர் வித்தியாசத்துக்குள் வந்தன. உடனே அவருக்குப் போன் செய்து சொன்னேன். நான்கு மாதத்தில் நான் செய்த உருப்படியான காரியம் அந்தப் போன்தான். அதற்கப்புறம் நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்.

ஆனால் அதே பேச்சில் ஒட்டிக்கொண்டு வரும் “சிதம்பரம்தான் உலகக் காந்தப் புலத்தின் மையம்” வேறு கதை. காந்த நடுக்கோடு என்பது பூமியைச் சுற்றி ஓடும் ஒரு கோடு. அதற்கு மையம் என்று ஓர் ஊர் இருக்க முடியாது. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகத்தான் திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவை ராக்கெட் ஏவத் தேர்ந்தெடுத்தார்கள், முதல் ராக்கெட் 1963இல் அங்கிருந்து போனது. எந்த ஊரில் காந்தச் சாய்வு (காந்த ஊசி கிடைமட்டத்திலிருந்து சாயும் கோணம்) எவ்வளவு என்று கணக்கிட்டுக் காட்டும் பக்கத்தை அமெரிக்க வானிலை, கடலியல் நிறுவனமான நோவா இலவசமாக வைத்திருக்கிறது. அட்சரேகையும் தீர்க்கரேகையும் கொடுத்தால் எண் வரும். சாய்வு பூஜ்யமானால்தான் நடுக்கோடு.

கணினிச் சண்டைகள் பெரும்பாலும் இந்தப் படியிலேயே தீர்ந்துவிடும். எங்கள் அலுவலகத்தில் ஒருவர், “ஜாவாஸ்கிரிப்டுக்குக் கூட்டலே தெரியாது, 0.1உம் 0.2உம் கூட்டினா 0.30000000000000004ன்னு வருது” என்று ஒரு மதிய உணவு நேரம் முழுக்கப் பேசினார். அதே கூட்டலைப் பைத்தானில் போட்டுக் காட்டினேன். அதே விடை. தசமத்தை இரும எண்ணாகச் சேமிக்கும் ஐ.இ.இ.இ. 754 என்ற 1985ஆம் வருடத் தரம் இரண்டுக்கும் பொது. மொழியைத் திட்டிப் பயனில்லை. “எது வேகம்” என்று சண்டை வந்தால் நிரல் பதிப்பு எண், கணினி, உள்ளீட்டு அளவு மூன்றையும் எழுதிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பதிப்பு எண் கேட்காமல் பைத்தானைப் பற்றி வாதாடியவர்களில் பாதிப்பேர், 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு ஆதரவு நின்றுபோன பைத்தான் 2ஐ மனதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

4. படமாக வந்தால்

படத்தைத் தேடு பொறியில் பதிவேற்றித் தேடுங்கள். பத்து நிமிடம். முதலில் எங்கே, எந்த வருடம் வந்தது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய விவரம். தீபாவளி இரவில் இந்தியா ஜொலிப்பதாக வருடாவருடம் சுற்றும் வண்ணப் படம், 1992 முதல் 2003 வரை எடுத்த இரவு விளக்குப் பதிவுகளை வண்ணம் பிரித்து அடுக்கிய ஒன்று. எந்த வருடத்தில் எங்கே புதிதாக விளக்கு வந்தது என்பதைக் காட்டுவதற்காகச் செய்தார்கள். 2012 தீபாவளி சமயத்தில் எடுத்த உண்மையான படத்தையும் நாசாவே வெளியிட்டது. சாதாரண நாளுக்கும் தீபாவளிக்கும் வித்தியாசம் விண்ணிலிருந்து தெரியாத அளவுதான்.

5. பழம்பாடலை ஆதாரமாகக் காட்டினால்

“அணுவைப் பிளக்கலாம்னு ஔவையார் அன்னைக்கே சொல்லிட்டாங்க.” இதைச் சொல்லாத பட்டிமன்றம் இல்லை. இங்கே கேட்க வேண்டியது முழுப் பாடலை. ஒரு வரி போதாது.

அந்த வரி திருவள்ளுவமாலையில் இருக்கிறது. அணுவைத் துளைத்து ஏழு கடலை அதற்குள் புகுத்திக் குறுகத் தறித்தது போல இருக்கிறது குறள் என்பது பொருள். அதாவது ஈரடிக்குள் இவ்வளவு பொருளா என்று வியக்கும் பாராட்டு. அதே தொகுப்பில் இடைக்காடர் பெயரில் இதே பாராட்டு வேறு மாதிரி இருக்கிறது. அங்கே துளைபடுவது கடுகு. கடுகைப் பிளந்து மின்சாரம் எடுத்தார்கள் என்று இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் மூலமும் பல உரைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சித்தர் பாடல் என்று வருவதில் ஒரு பொறி உண்டு: நூற்பெயரும் பாடல் எண்ணும் இல்லாமல் வந்தால் தேடியே நாள் போய்விடும். எண் கொடுத்தால்தான் தேடுவேன் என்று சொல்லிவிடுங்கள். எனக்கு இதுவரை எண் வந்தது ஒரே ஒருமுறை.

6. ஆய்வுக் கட்டுரை என்றால்

“ஆய்வுல நிரூபிச்சிருக்காங்க” என்று வந்தால் தலைப்பு, ஆசிரியர், இதழ், வருடம் நான்கையும் கேளுங்கள். செய்தித்தாள் துண்டு ஆய்வுக் கட்டுரை ஆகாது.

பதிப்பகத்தின் பக்கத்தில் ஒரு கட்டுரைக்கு 30, 40 டாலர் கேட்பார்கள். கட்டாதீர்கள். அவசரத்தில் ஒருமுறை கட்டப் போய், கார்டு மறுக்கப்பட்டதால் தப்பித்தேன். இயற்பியல், கணிதம், கணினி என்றால் ஆர்க்சைவில் அதே கட்டுரையின் முன்வரைவு இலவசமாக இருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவம் என்றால் பப்மெட் சென்ட்ரல். இந்தியப் பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்காவில் இருக்கின்றன. எங்கேயும் கிடைக்காவிட்டால் கட்டுரை ஆசிரியருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாக அனுப்பிவைப்பார்கள், ஒரு வாரம் பொறுக்க வேண்டும். வீட்டில் யாராவது அரசுக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படித்தால் இன்னும் எளிது. 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் அவர்களுக்குத் திறந்திருக்கின்றன.

கட்டுரை கைக்கு வந்ததும் முதலில் அது திரும்பப் பெறப்பட்டதா என்று பாருங்கள். ரிட்ராக்சன் வாட்ச் தரவுத்தளம் இலவசம். தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பேச்சுக்கு வேராக இருந்த 1998ஆம் வருடத்து லான்செட் கட்டுரை பன்னிரண்டே குழந்தைகளை வைத்து எழுதப்பட்டது. 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இன்றைக்கும் அதைத்தான் நீட்டுகிறார்கள்.

அப்புறம் கட்டுரையைப் படியுங்கள். சுருக்கத்தையாவது. “கணினிக்கு ஏற்ற மொழி சமஸ்கிருதம்தான்னு நாசா சொல்லிடுச்சு” என்ற கூற்றுக்கு மூலமாக ஒரு கட்டுரை நிஜமாகவே இருக்கிறது. ரிக் பிரிக்ஸ் என்பவர் 1985இல் ஏ.ஐ. மேகசின் என்ற இதழில் எழுதியது. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் இயங்கிய ஒரு கணினி ஆய்வு நிறுவனத்தில் அப்போது அவர் இருந்தார். எட்டே பக்கம், இலவசம். வாக்கியத்தின் பொருளைப் பிரித்துக் காட்ட சமஸ்கிருத இலக்கணக்காரர்கள் கையாண்ட முறைக்கும், செயற்கை நுண்ணறிவில் அறிவைக் குறித்துவைக்கும் முறைக்கும் உள்ள ஒற்றுமையைப் பேசுகிறார். சுவையான கட்டுரை. சமஸ்கிருதத்தில் நிரல் எழுதுங்கள் என்று எங்கேயும் இல்லை. நாசாவின் தீர்மானமும் அது கிடையாது. சமஸ்கிருதத்துக்குப் பதில் தமிழைப் போட்டு அதே செய்தியை எனக்கு அனுப்பியவர்களும் உண்டு. அதற்கு இந்த அளவுக்குக்கூட மூலம் இல்லை.

அகழாய்வுச் சண்டைக்கும் இதே விதிதான். கீழடி பற்றித் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையை நீங்களே புரட்டிப் பாருங்கள். 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரி மாதிரிக்கு அமெரிக்க ஆய்வகம் ஒன்று கொடுத்த காலம் கி.மு. 580. காலம் கிடைத்தது கரிக்கு. எழுத்துப் பொறித்த பானை ஓட்டின் காலம் எந்த மண்ணடுக்கில் அது கிடந்தது என்பதை வைத்து வருகிறது. ஆதரிப்பவர்களும் மறுப்பவர்களும் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். காலக்கணிப்பு என்றால் மாதிரி எது, எந்த அடுக்கு, எந்த ஆய்வகம், எத்தனை வருடம் முன்பின் என்ற நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள்.

7. “காப்புரிமையே வாங்கியாச்சு”

காப்புரிமை எண்ணைக் கேளுங்கள். கூகுள் பேட்டன்ட்ஸிலும் ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட்டிலும் இலவசமாகத் தேடலாம். கால் மணி நேரம். விண்ணப்பித்த நிலையா, வழங்கப்பட்டதா, ரத்தானதா என்று பாருங்கள். “விண்ணப்பம் வெளியிடப்பட்டது” என்பதைக் காட்டி “காப்புரிமை கிடைத்தது” என்பது பழைய தந்திரம். வழங்கப்பட்டாலும் புதிது என்று ஏற்றார்கள் என்பதுதான் அதன் பொருள். மருந்தாக நோயாளியிடம் வேலை செய்கிறது என்று காப்புரிமை அலுவலகம் சான்று தருவதில்லை.

காகிதம் எப்படி ஜெயிக்கும் என்பதற்கு மஞ்சள் வழக்கைப் படியுங்கள். காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் 5,401,504 என்ற எண்ணில் காப்புரிமை கொடுத்தார்கள். இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். அதை எதிர்த்தது. “எங்கள் பாட்டிக்கே தெரியும்” என்று சொல்லி அங்கே ஒன்றும் நடந்திருக்காது. அச்சில் இருந்த பழைய ஆதாரங்களைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். 1953ஆம் வருடத்து இந்திய மருத்துவச் சங்க இதழ்க் கட்டுரையும் அதில் ஒன்று. 1997இல் காப்புரிமை ரத்தானது.

8. அரசு அலுவலகத்தின் பெயர் அடிபட்டால்: தகவல் அறியும் உரிமை மனு

என் நேரம் போனது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தியக் குடிமகன் யாரும் போடலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை, 2005ஆம் வருடச் சட்டத்தின் 6(2) பிரிவே அப்படிச் சொல்கிறது. ஆங்கிலம், இந்தி அல்லது நீங்கள் மனுப் போடும் பகுதியின் ஆட்சிமொழியில் எழுதலாம். தமிழ்நாட்டிலிருந்து தமிழில் எழுதத் தடையில்லை.

கட்டணம் 10 ரூபாய். மத்திய அரசு அலுவலகம் என்றால் இணையத்தில் கட்டலாம், தபாலில் போட்டால் கணக்கு அலுவலர் பெயருக்கு இந்தியன் போஸ்டல் ஆர்டர். தமிழ்நாடு அரசு அலுவலகத்துக்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம். அந்தப் பழக்கத்தில் மத்திய அலுவலகத்துக்கும் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினேன், அப்படியே திரும்பி வந்தது. மூன்று வாரம் போச்சு. பக்கத்துக்கு 2 ரூபாய் நகல் கட்டணம் தனியாகக் கேட்பார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு மனுக் கட்டணம் இல்லை, அட்டை நகலை இணைக்க வேண்டும்.

அடுத்த பொறி, எந்த அரசு என்பது. திருநள்ளாறு காரைக்கால் மாவட்டம், காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. கோயிலைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமென்றால் தமிழ்நாடு அறநிலையத் துறைக்கு எழுதிப் பயனில்லை. செயற்கைக்கோள் பற்றி என்றால் மத்திய அரசின் விண்வெளித் துறை. தவறான அலுவலகத்துக்குப் போன மனுவை ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று 6(3) பிரிவு சொல்கிறதே என்று நினைக்கலாம். ஆனால் மத்திய இணையதளத்தில் மாநில அலுவலகத்துக்கான மனுவைப் போட்டால் பணம் திரும்பாமல் மனு மட்டும்தான் திரும்பும்.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமானது: கேள்வியின் வடிவம். என் முதல் மனு இப்படி இருந்தது: “திருநள்ளாறு கோயிலுக்கு மேல் செயற்கைக்கோள்கள் செயலிழப்பது உண்மையா? இல்லையென்றால் ஏன் மறுப்பு வெளியிடவில்லை?” முப்பதாம் நாள் ஒரு வரி பதில் வந்தது. விளக்கமோ கருத்தோ கேட்பது சட்டப்படி ‘தகவல்’ ஆகாது என்று. கடுப்பாகத்தான் இருந்தது, ஆனால் அந்த அலுவலர் சொன்னது சரி. அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தை மட்டும்தான் கேட்க முடியும். உண்மையா, ஏன், எப்படி என்ற சொற்கள் வந்தாலே மனு செத்தது.

இரண்டாவது முறை இப்படி எழுதினேன்: “திருநள்ளாறு நிலப்பகுதிக்கு மேல் செல்லும்போது ஏதேனும் செயற்கைக்கோளின் இயக்கத்தில் தடை ஏற்பட்டதாகத் தங்கள் அலுவலகத்தில் உள்ள அறிக்கைகள், கடிதங்கள், பதிவுகள் ஆகியவற்றின் நகல்கள், அத்தகைய ஆவணம் ஏதும் இல்லையெனில், இல்லை என்ற தகவல்.” கடைசி வரியை மறக்காதீர்கள். நமக்கு வேண்டியதே அதுதான். ஆவணம் ஏதும் இல்லை என்று கையெழுத்தோடு பதில் வந்தது.

காலக்கெடு 30 நாள். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், மத்திய அலுவலகம் என்றால் கட்டணம் இல்லை. அவருக்கு 30 நாள், அதிகபட்சம் 45. அதற்கும் மேலே தகவல் ஆணையம், அதற்கு 90 நாளுக்குள் போக வேண்டும். வாட்ஸ்அப் சண்டைக்காக ஆணையம் வரை போகாதீர்கள், வேலைப்பளு அங்கே ஏற்கனவே ஜாஸ்தி. வந்த பதிலின் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். பதில் எந்தத் தேதியில் உங்கள் கைக்கு வந்தது என்பதற்கு அந்தத் தபால் முத்திரைதான் சாட்சி.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். இந்திய அலுவலகம் ‘இல்லை’ என்றால் நாசா சொல்லவில்லை என்று ஆகிவிடாது. நாசாவின் தொழில்நுட்ப அறிக்கைகளின் களஞ்சியம் இணையத்தில் இலவசமாக இருக்கிறது, அங்கே தேடலாம். அமெரிக்காவின் தகவல் சுதந்திரச் சட்டத்தில் வெளிநாட்டவரும் மனுப் போடலாம் என்பது எனக்கு ஆச்சரியம். 20 வேலை நாள், முதல் இரண்டு மணி நேரத் தேடலும் 100 பக்கமும் இலவசம். நான் போடவில்லை. சித்தப்பா சொன்ன அறிக்கையின் பெயரை அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். சொல்கிறவர்தான் காட்ட வேண்டும்.

9. சட்டத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்

இணையப் பதிவுகளுக்குத் தண்டனை தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015இல் உச்ச நீதிமன்றம் நீக்கியதோடு இணையத்தில் எதையும் எழுதலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு, மத உணர்வைப் புண்படுத்தும் கெட்ட நோக்கத்தோடு வேண்டுமென்றே மதத்தையோ மத நம்பிக்கையையோ இழிவுபடுத்துவதற்கு மூன்று வருடம் வரை சிறை என்கிறது. 196 பகைமையை வளர்ப்பது பற்றியது. செயற்கைக்கோளைப் பற்றிப் பேசுங்கள், தெய்வத்தைப் பற்றி நக்கல் வேண்டாம். கோபத்தில் இரவு பதினொன்றரைக்கு எழுதியதை அனுப்பாமல் வைத்திருந்து காலையில் படித்துப் பாருங்கள். நான் அப்படி வைத்திருந்த ஏழில் ஆறை அழித்திருக்கிறேன்.

அதேபோல், கூற்றோடு ஒரு மருந்து விற்பனையும் வந்தால் அது வெறும் வாதம் இல்லை. சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் வருட மருந்துகள், மாயத் தீர்வுகள் சட்டம் தடுக்கிறது. விளம்பரத்தைத் தேதியோடு படம் பிடித்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். உறவினரோடு மல்லுக்கட்டுவதைவிட அது பலன் தரும்.

10. காகிதத்தைக் கொடுக்கும் விதம்

குழுவில் எல்லோர் முன்னாலும் போடாதீர்கள். அறுபது வயதுக்காரரை நாற்பது உறவினர் முன்னால் மடக்கினால் அவர் தகவலை விடமாட்டார், உங்களை விட்டுவிடுவார். பொங்கலுக்குப் போனபோது சித்தப்பாவிடம் தனியாகக் கொடுத்தேன். 79.7 டிகிரி பற்றி அவர் சொன்னது சரி என்பதை முதலில் சொன்னேன், அப்புறம் பதில் கடிதத்தை நீட்டினேன். கண்ணாடி மாட்டி இரண்டு தடவை படித்தார். கையெழுத்து யாருடையது, முத்திரை அசலா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சரி, நிக்கல. அதுக்காகக் கோயிலுக்குப் போகாம இருக்க முடியுமா?”

“நான் எப்ப போக வேண்டாம்னு சொன்னேன் சித்தப்பா?”

“வேன்ல சொன்ன மாதிரிதான் இருந்துச்சு” என்றார். சித்தி காபி கொண்டுவந்தார். பேச்சு பக்கத்து வீட்டு போர்வெல் பக்கம் போய்விட்டது.

கொடுக்கும் முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். என் அசல் கடிதம் இன்னும் அவர் பீரோவில்தான் இருக்கிறது, வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்.